ஸ்கிரீனை என்ன பண்ணுனீங்க?

எங்கள் பட்டறையில் கார்ட்டூன் உருவம் போட்ட பனியன் ஆர்டர் முடிந்தால், பையர் ஆபீஸிலிருந்து வருகிறவர் சரக்கைப் பற்றி முதலில் விசாரிக்க மாட்டார். “ஸ்கிரீனை என்ன பண்ணுனீங்க?” என்பார்.

திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில், மண்ணரையில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணியில் எமல்ஷன் பூசி, அதன்மேல் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், உருவம் விழவேண்டிய இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதன் வழியே கலர் பேஸ்ட்டை இழுத்தால் துணியில் படம். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். ஆறு கலர் கரடிக்கு ஆறு ஸ்கிரீன்.

பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் பத்தாயிரம் மட்டும் வெட்ட முடியாது. ஓட்டை, கறை, தையல் கோணல் என்று கழியும். நூற்றுக்கு மூன்று, ஐந்து கூட்டித்தான் வெட்டுவார்கள். மிஞ்சியது சர்ப்ளஸ் என்று காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும். பூப்போட்ட பனியனாக இருந்தால் யாருக்கும் கவலையில்லை. லைசென்ஸ் உருவம் அப்படியல்ல. உருவத்துக்குச் சொந்தக்காரர் பீஸ் கணக்கில் ராயல்டி வாங்குகிறார். கணக்கில் இல்லாத ஒரு பீஸ்கூட வெளியே வரக்கூடாது. அதனால் ஸ்கிரீனைக் கெமிக்கல் போட்டுக் கழுவி, வெறும் மெஷ்ஷைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்டாக் லாட் வியாபாரி யாராவது வண்டியை நிறுத்துவார். “ண்ணா, கழுவறதுக்கு முன்னால ஒரு ஐநூறு பீஸ் தள்ளி உட்டுருங்ணா, யாருக்குத் தெரியப் போகுது?” டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அவர் கேட்பதிலும் ஒரு நியாயம் உண்டு, யாருக்கும் தெரியத்தான் போவதில்லை. ஸ்கிரீனைக் கழுவினாலும் ஃபிலிம் இருக்கிறது, ஃபிலிமைக் கிழித்தாலும் கம்ப்யூட்டரில் டிசைன் இருக்கிறது. நினைத்தால் அன்று மாலைக்குள் புது ஸ்கிரீன் போட்டுவிடலாம். பையருக்கு என்னிடமிருந்து கிடைப்பது ஒரு போட்டோவும் என் பேச்சும்தான்.

பொம்மை சேகரிப்பு என்ற உலகமே இந்தப் போட்டோவை நம்பி நடக்கிறது என்று எனக்குக் காட்டியவன் அக்கா மகன். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். முப்பதை நெருங்குகிறான். அறை முழுக்க ஹாட் வீல்ஸ் கார்கள், பெரும்பாலும் அட்டையே பிரிக்காதவை. அக்காவுக்கு இதில் பெரிய வருத்தம். “கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்க வர்றவங்க இதைப் பாத்தா என்னடா நினைப்பாங்க?” என்பாள்.

ஹாட் வீல்ஸ் 1968-இல் பதினாறு மாடல்களோடு தொடங்கியது. அமெரிக்க மாட்டெல் நிறுவனத்தின் சரக்கு. 1995-இல் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. சாதாரண கார்களோடு கலந்து, அதே விலையில், 12 மாடல்களை வகைக்குப் பத்தாயிரம் மட்டும் செய்து கடைகளுக்கு அனுப்பினார்கள். ‘டிரஷர் ஹன்ட்’ என்று பெயர், புதையல் வேட்டை. 2007 முதல் அதிலேயே இன்னும் அரிதானதாக ஒரு வகை. சேகரிப்பவர்கள் அதை ‘சூப்பர்’ என்கிறார்கள்.

ஒருநாள் ஒரு சூப்பரை என் கையில் கொடுத்து, “மாமா, நீங்க பிரிண்டிங்காரர், இது அசலான்னு நீங்களே சொல்லுங்க” என்றான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாதாரண காரில் பெயின்ட் கெட்டியாக மூடியிருக்கும். இதில் பெயின்ட் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியது, அடியிலுள்ள உலோகம் மின்னியது. சக்கரம் பிளாஸ்டிக் இல்லை, ரப்பர் டயர். காரின் உடம்பில் எங்கோ ஒரு மூலையில் ‘டி.எச்.’ என்று பொடி எழுத்து. கார் மறைத்துக்கொண்டிருக்கும் அட்டைப் பகுதியில் பொன்னிற வட்டச் சின்னம். அந்த அச்சு சுத்தமாக இருந்தது, ஓரம் பிசிறில்லை. ஆனால் நான் பார்த்தது அதையல்ல. பிளாஸ்டிக் கூடு அட்டையில் ஒட்டும் விளிம்பைப் பார்த்தேன். சக்கரத்தை மாற்றிப் போட்டு, பெயின்ட் அடித்து, மறுபடி ஒட்டி ‘சூப்பர்’ என்று விற்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அட்டையின் மேல்தாள் விளிம்போரம் லேசாக உரிந்து நூல் நூலாகத் தெரியும், புதுப் பசை கண்ணாடி போலப் பளபளக்கும். இதில் அது இல்லை. அசல்தான் என்றேன். அவன் முகத்தில் வந்த சிரிப்பை நான் அவன் நிச்சயதார்த்தத்தில் எதிர்பார்க்கிறேன்.

ஆனால் 1995-இல் எண்ணிக்கையைச் சொல்லி ஆரம்பித்தவர்கள், இப்போது கடையில் கிடைக்கும் சூப்பர் கார்களுக்கு எண்ணிக்கை சொல்வதில்லை. குறைவு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு குறைவு என்று செய்தவருக்குத்தான் தெரியும். சொல்லாததை மீறினான் என்று யாரும் அவர்மேல் பழி போடவும் முடியாது. கெட்டிக்காரத்தனம்தான். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர்களின் கதை இதைவிட ருசியானது.

அமெரிக்காவில் டை வார்னர் என்பவர் 1993-இல் ‘பீனி பேபீஸ்’ என்று உள்ளங்கை அளவு துணிப்பொம்மைகளைக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சுக்குப் பதில் பிளாஸ்டிக் மணிகள், விலை ஐந்து டாலர். அவர் கண்டுபிடித்த வித்தை, பொம்மைக்கு ‘ஓய்வு’ கொடுப்பது. இன்ன தேதியோடு இந்தப் பொம்மை நின்றுவிடும் என்று அறிவிப்பு வரும். மறுநாள் கடைகளில் அது இருக்காது, கைக்குக் கை விலை ஏறும். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பொம்மை வாங்கி அடுக்கிய குடும்பங்கள் இருந்தன. 1999-இல் லாஸ் வேகாஸ் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்ற ஒரு தம்பதி, நீதிபதி முன்னால் தரையில் குந்தி ஒவ்வொரு பொம்மையாக எடுத்துப் பங்கு பிரித்த படம் பத்திரிகைகளில் வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் நிறுவனம் ஒரு குண்டைப் போட்டது. டிசம்பர் 31-ஆம் தேதியோடு எல்லா பீனி பேபீஸும் நிறுத்தம். ‘முடிவு’ என்று பெயர் வைத்து ஒரு கறுப்புக் கரடிகூட வந்தது. ஜனங்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். டிசம்பரில் பேச்சு மாறியது. நிறுத்தலாமா வேண்டாமா என்று மக்களே போன் போட்டு ஓட்டுப் போடலாம், ஓர் ஓட்டுக்கு 50 சென்ட், வசூல் ஒரு குழந்தைகள் அறக்கட்டளைக்கு. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் ‘வேண்டும்’ என்றார்களாம். 2000-இல் புதுப் பொம்மைகள் வந்தன. வாங்குகிறவர்கள் வரவில்லை. அடுக்கி வைத்திருந்தவர்களின் மூட்டைகள் பழைய சாமான் விலைக்குப் போயின. சரக்கின் தரம் ஒரு நூல்கூடக் குறையவில்லை, தையல் அதே தையல். ‘நிறுத்தம்’ என்ற சொல்லை நம்புவதற்கில்லை என்று தெரிந்துபோனதும் அந்தச் சொல்லுக்காகக் கொடுத்த காசு எல்லாம் கரைந்தது.

இதற்கு நேர் எதிராக, வாக்கை எழுதி வைத்துவிட்டு முப்பது வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிற கம்பெனியும் உண்டு. ‘மேஜிக்’ என்ற சீட்டு விளையாட்டு 1993-இல் வந்தது. பொம்மை இல்லைதான், ஆனால் சேகரிப்பு வியாபாரத்தின் பாடம் முழுக்க அதில் இருக்கிறது. முதல் அச்சுச் சீட்டுகள் அரிதாகி விலை ஏறியிருந்த நேரத்தில், 1995-இல் கம்பெனி பழைய சீட்டுகள் பலவற்றை மறு அச்சுப் போட்டது. விளையாடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். விலை கொடுத்துச் சேர்த்து வைத்தவர்கள் கொதித்தார்கள். 1996-இல் கம்பெனி ஒரு பட்டியல் வெளியிட்டது: இந்தச் சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சிட மாட்டோம்.

கதை அதோடு முடியவில்லை. வாக்கில் ஒரு சந்து இருந்தது. பளபளக்கும் சிறப்புப் பதிப்பாகப் போட்டால் அது வாக்கில் சேராது. அந்தச் சந்தில் சில சீட்டுகள் வெளியே வந்தன. கூச்சல் கிளம்பி, 2010-இல் அந்தச் சந்துக்கு அடைப்புப் போட்டார்கள். 2022-இல் முப்பதாம் ஆண்டு என்று சொல்லி, பழைய சீட்டுகளின் நகலை முதுகுப்பக்கம் வேறு டிசைனோடு அச்சிட்டார்கள், போட்டிகளில் பயன்படுத்த முடியாது என்றும் சொன்னார்கள். நான்கு பாக்கெட், பாக்கெட்டுக்குப் பதினைந்து சீட்டு, விலை 999 டாலர். எழுத்துப்படி வாக்கு மீறவில்லை. ஆனால் அதைப் பார்த்த ஆட்டக்காரர்கள் கேட்டதை நான் எங்கள் பாஷையில் சொன்னால், ‘லேபிளை வெட்டிட்டு அதே பீஸைக் காதர்பேட்டைல போட்டா சரியாப் போச்சா?’ என்பதுதான்.

மறுபடி போடுவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. லெகோ 2008-இல் 5,922 துண்டுகளோடு ஒரு தாஜ்மகால் விற்றது. சில வருடத்தில் நிறுத்தியதும் விலை எங்கோ போனது. 2017-இல் அதையே மறுபடி கொண்டுவந்தார்கள், துண்டுகள் 5,923. பழையதை மூலதனமாக வைத்திருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். ஆனால் இனி வராது என்று லெகோ எப்போதும் சொன்னதில்லை. கட்டி மகிழ ஆசைப்பட்டு, அநியாய விலை கொடுக்க முடியாமல் இருந்தவனுக்கு நியாய விலையில் கிடைத்தது. நான் அந்தப் பக்கம்.

மறு பதிப்பை எப்படி மானமாகப் போடுவது என்று பார்க்க வேண்டுமானால் ஜெர்மனியின் ஸ்டைஃப் கம்பெனியைப் பார்க்க வேண்டும். அதைத் தொடங்கிய மார்கரெட் ஸ்டைஃப் எங்கள் இனம், தையல்காரர். சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கி, சக்கர நாற்காலியில் இருந்தபடி கம்பளித் துணியில் உடுப்புத் தைத்து விற்றவர். ஊசி குத்தி வைக்க அவர் தைத்த ஒரு துணி யானையைக் குழந்தைகள் பொம்மையாக்கிக்கொண்டார்கள். 1880-இல் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. 1902-இல் அவருடைய தம்பி மகன் வடிவமைத்த கரடிதான் டெடி கரடிகளுக்கு முன்னோடி. போலிகள் பெருகியதால் 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஒரு உலோகப் பொத்தான். அந்தப் பொத்தானோடு தைத்த துணிப்பட்டையில்தான் விஷயம். வழக்கமான சரக்குக்கு மஞ்சள் பட்டை. எண்ணிக்கை வைத்துச் செய்வதற்கும், பழைய மாடலைத் திரும்பச் செய்வதற்கும் வெள்ளைப் பட்டை. 1980-இல் நூற்றாண்டுக்காக 11,000 கரடி மட்டும் செய்தார்கள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட சான்றிதழோடு. பாட்டி காலத்துக் கரடி வைத்திருப்பவரும் புதிதாகச் செய்த நகல் வைத்திருப்பவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம், ஒருவர் சொத்தை ஒருவர் தின்ன மாட்டார். பட்டையின் கலரைப் பார்த்தால் போதும்.

நம் பக்கம் வருகிறேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். டயர் குழுமத்தைச் சேர்ந்தது. 1987-இல் தொடங்கியது, கோவாவிலும் ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலைகள். அமெரிக்க ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ.ஜோ ராணுவ பொம்மைகளை இங்கே வார்த்து விற்றார்கள். எண்பது, தொண்ணூறுகளில் பிள்ளையாக இருந்தவர்களுக்கு அந்த அட்டை கண்ணிலேயே நிற்கும். அமெரிக்காவில் பச்சையாக இருந்த சிப்பாய் இங்கே வேறு கலரில் வந்தான். ஒருவன் தலையும் இன்னொருவன் உடம்பும் சேர்ந்து புது ஆளானதும் உண்டு. யாரும் ‘குறைந்த எண்ணிக்கை’ என்று சொல்லவில்லை, சான்றிதழ் தரவில்லை. இன்றைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த இந்தியக் கலர்களைத் தேடி வாங்குகிறார்கள். லியோ மாட்டெல் என்ற பெயரில் இந்தியாவில் வந்த ஹாட் வீல்ஸ் கார்களுக்கும் அதே மவுசு. நானும் அண்ணனும் சண்டை போட்டுக் கையை உடைத்த ஒரு சிப்பாய் இப்போது கிடைத்தால் என்ன விலை என்று அக்கா மகன் சொன்னபோது, நான் அண்ணனுக்குப் போன் போட்டுத் திட்டினேன்.

இதற்கெல்லாம் முன்னால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நடந்த பொம்மைச் சேகரிப்பு கொலுதான். வருடத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வேண்டும் என்பது வழக்கம், அதனால் பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் சென்னைக் கொசப்பேட்டையிலும் வருடா வருடம் புது வரவு. 2019-இல் அத்திவரதர் நாற்பது வருடம் கழித்துக் காஞ்சிபுரம் குளத்திலிருந்து வெளியே வந்து, ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை தரிசனம் கொடுத்தார். அந்த நவராத்திரியில் கொலுப்படிகளில் எங்கு பார்த்தாலும் அத்திவரதர், சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும். இனி அவர் வருவது 2059-இல். இதைவிட ‘லிமிடெட் எடிஷன்’ வேண்டுமா? ஆனால் பொம்மை செய்தவர் எண் போடவில்லை, மறு வருடமும் அதே அச்சில் வார்த்துக் கொடுத்தார், முதல் வருடம் வாங்கியவர் யாரும் வழக்குப் போடவில்லை.

காரணம், கொலு வாங்குகிறவர் எதிர்பார்க்கிற வாக்கு வேறு. என் மனைவியிடம் ஒரு கல்யாண ஊர்வலச் செட் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கும்போது நாயனக்காரர் கீழே விழுந்து மண்டை போய்விட்டது. தவில்காரர் மட்டும் தனியாக ஊர்வலம் போக முடியுமா? வாங்கிய கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். “அச்சு இருக்குதும்மா. தனி பீஸ் வார்த்துத் தர்றோம். ஆனா பெயின்ட் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்” என்றார். அடுத்த கொலுவுக்கு நாயனக்காரர் வந்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சிவப்பாக.

ஆக, அச்சைக் கழுவி அழிப்பதாக ஒருவர் வாக்குக் கொடுக்கிறார், அச்சைப் பாதுகாத்து வைப்பதாக இன்னொருவர். இரண்டுமே நாணயம்தான். வம்பு வருவது, எந்த வாக்கைக் கொடுக்கிறோம் என்று சொல்லாமல் விற்கும்போது.

இப்போது லபுபு வந்து நிற்கிறது. ஹாங்காங் ஓவியர் காசிங் லங் 2015-இல் வரைந்த உருவம், சீனாவின் பாப் மார்ட் கம்பெனி வியாபாரம். எது வரும் என்று தெரியாத மூடிய பெட்டி, எழுபத்திரண்டில் ஒன்று ரகசியப் பொம்மை என்று கணக்கு. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆள் உயர லபுபு ஒன்று பத்து லட்சம் யுவானுக்கு மேல் போனது. அதே மாதம் கம்பெனி சரக்கைக் கூட்டி விட்டதும் கைமாற்று விலை சடசடவென்று இறங்கியது. அக்கா மகன் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவேளை அவனிடமும் ஒன்று இருக்கலாம்.

அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து இப்போது சொந்தமாக ஒரு பொம்மை செய்கிறார்கள். மூன்று இஞ்ச் உயரத்தில் ஒரு கட்டிங் மாஸ்டர். கழுத்தில் இஞ்ச் டேப், காதில் சாக்பீஸ், கொஞ்சம் தொப்பை. சிலிக்கான் அச்சில் ரெசின் ஊற்றி வார்ப்பது. அந்த அச்சு சில பத்து வார்ப்புகளுக்கு மேல் தாங்காது, விளிம்பு கிழிந்து மூக்கு மழுங்கிவிடும். ஆனால் மூலப் பொம்மை கையில் இருந்தால் புது அச்சு எடுத்துக்கொண்டே போகலாம், என் ஃபிலிம் கதைதான். பெட்டிக்கு பிரிண்ட் போட என்னிடம் வந்தான். பெட்டி மேலே ‘மிக அரிய பதிப்பு’ என்று போடச் சொன்னான்.

“எத்தனை வார்க்கப் போறீங்க?”

“நூறு மாமா.”

“அப்ப நூறுன்னே போடு. நூறும் விக்கிறதுக்கா?”

“ஆறு நம்மகிட்ட வெச்சுக்குவோம். கூரியர்ல உடைஞ்சா மாத்திக் குடுக்கணுமில்ல.”

“அதையும் போடு. நல்லா ஓடுச்சுன்னா மறுபடி வார்ப்பீங்களா?”

அங்கேதான் கூட்டாளிகளுக்குள் தகராறு. ஒருவன் மாட்டவே மாட்டோம் என்றான். இன்னொருவன், “ஏங்க, சட்டைக் கலரை மாத்திப் போடலாமுங்க” என்றான். என் டேபிள் மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினார்கள். கடைசியில் எழுதிக் கொடுத்த வாசகம் இது: ‘மொத்தம் 100. விற்பனைக்கு 94. உடைந்தால் மாற்றித் தர 6. நீலச் சட்டை மாஸ்டர் மறுபடி வரமாட்டார். வேறு சட்டையில் வரலாம்.’ கீழே பொடி எழுத்தில், சேகரிப்புக்கானது, குழந்தைகள் விளையாட அல்ல என்று ஒரு வரி. 14 வயதுக்குக் கீழுள்ளவர்கள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பரிசோதனைச் செலவுக்கு இவர்களிடம் காசில்லை.

பெட்டிக்கு ஸ்கிரீன் போட்டாயிற்று, இரண்டு கலர். நூறு பெட்டி அடித்ததும் கழுவிப் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறான், பையர் ஆபீஸ் பழக்கம் விடவில்லை. விலை என்ன வைப்பது என்பதில்தான் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.